பிரியாது என்று சார் சொன்ன கோவை

ஆறாம் ஃபாரத்தில் என்னோடு ஒரே ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து வியர்த்தவர்களே,

கணக்கு சாருக்கு நினைவு மலர் போடுகிறீர்கள். ஆளுக்கு நாலு பக்கம், நல்லதாக எழுது என்று ஃபோனில் மூன்று முறை சொன்னீர்கள். 'நல்லதாக' என்பதை மூன்று முறையும் அழுத்திச் சொன்னீர்கள். எனக்கு எண்பதைத் தாண்டியாயிற்று. முட்டி போய்விட்டது, ஒரு காது போய்விட்டது, ஞாபகம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. சார் நல்ல வாத்தியார்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நல்ல வாத்தியார் நாற்பது பேர் முன்னால் என்னைக் கள்ளி என்று சொன்னார். அதையும் எழுதுவேன். பிடிக்கவில்லையென்றால் என் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு மலரை அச்சுக்கு அனுப்புங்கள்.

நம் தமிழ் டிவிஷன், அதாவது தமிழ் வழி வகுப்பு, இருந்த இடத்தை என் பேத்தியிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை. மலையாள டிவிஷனுக்கு ஓடு போட்ட கட்டடம். நமக்குக் கிணற்றுக்கு அப்பால் இடுப்பளவு சுவர் வைத்த கொட்டகை. மழை பெய்தால் கூரையிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டி நோட்டில் விழும். பக்கத்துத் தோப்பில் கயிறு திரிக்க ஊறப்போட்ட தேங்காய்த் தொண்டு அழுகும் நாற்றம் காலையிலிருந்து சாயங்காலம் வரை நம்மோடு பாடம் படிக்கும். பெண்கள் ஏழு பேர், முதல் பெஞ்சு. அதில் சுவரோரம் நான், என் பக்கத்தில் பொழியூரிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்து வருகிற ஒருத்தி. அவள் பாவாடை விளிம்பில் எப்போதும் கடல் மணல் இருக்கும். நாங்கள் இருவரும் ஒரே மைக்குப்பியில் தொட்டு எழுதுவோம்.

சார் தக்கலைப் பக்கத்துக்காரர். வெள்ளை ஜிப்பா, வலது கையில் முழங்கை வரை சாக்பீஸ் பொடி. பெரிய இயற்கணிதக் கோவைகளைக் காரணிகளாகப் பிரிக்க அவர் கற்றுத் தந்த மாதிரி பிறகு நான் படித்த எந்தக் கல்லூரியிலும் யாரும் கற்றுத் தரவில்லை. மூன்றாம் படி, நான்காம் படி என்றால் நாம் பயந்து பேனாவைக் கீழே வைத்துவிடுவோம். அவர் சிரிப்பார். "பேடிக்காண்டாம். முதல்ல ஒண்ணைப் போட்டுப் பாரு. பூஜ்யம் வரல்லியா, கழித்தல் ஒண்ணு. பின்ன ரெண்டு, கழித்தல் ரெண்டு. எப்பம் பூஜ்யம் வருதோ அப்பம் ஆள் பிடிபட்டான்."

x³ − 6x² + 11x − 6. ஒன்றைப் போட்டால் பூஜ்யம். ஆக x − 1 ஒரு காரணி. பிறகு முன்னால் நிற்கும் எண்களை மட்டும் வரிசையாக எழுதி, இறக்கி, பெருக்கி, கூட்டி, இறக்கி, பெருக்கி, கூட்டி, கடைசியில் மீதி பூஜ்யம் என்று விழும்போது எனக்கு உடம்பே லேசாகும். மூன்றாம் படி இரண்டாம் படியாகிவிடும். இரண்டாம் படியை நாம் தூக்கத்திலும் பிரிப்போம். நடுவில் ஏதாவது படி இல்லாவிட்டால் அதற்கும் ஒரு பூஜ்யம் எழுத வேண்டும். எழுதாமல் விட்டவர்களின் காதைச் சார் திருகுவார். என் காது ஒரு முறையும் திருகப்படவில்லை என்பதை இந்த இடத்தில் பெருமையாகவே எழுதுகிறேன்.

அது எல்லைப் போராட்டத்தின் உச்ச வருஷங்கள். தெற்கே நாலு தாலுக்காக்கள் மெட்ராஸோடு சேரப் போகின்றன, நம் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் மலையாளப் பக்கமே விட்டுவிடுவார்கள் என்று பேச்சு. நாளொரு ஜாதா ஊர்வலம், வாரமொரு ஹர்த்தால். சாரும் மேடை ஏறினார். பாறசாலைச் சந்தைத் திடலில் ஒரு சாயங்காலம் அவர் பேசியதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். என் அப்பா முன்வரிசையில் நின்றார். அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், ஊர்ப் போராட்டக் கமிட்டியிலும் உண்டு.

"எங்க பள்ளிக்கூடத்துல ஒரு கணக்கு உண்டு" என்று சார் ஆரம்பித்தார். "எக்ஸுக்க நாலாம் படி, கூட்டல் நாலு. தெற்க நாலு தாலுக்கா, கூட நாம. ஒண்ணைப் போட்டுப் பாருங்க, ரெண்டைப் போட்டுப் பாருங்க, எந்த நம்பர் வேணும்னாலும் போட்டுப் பாருங்க, பூஜ்யம் வராது. பூஜ்யம் வராத்ததை எவனாலயும் பிரிக்க முடியாது. நாமளும் அப்படியாக்கும்!"

எக்ஸ் என்றால் மனுஷனா மாடா என்று அறியாத கூட்டம் கை தட்டிக் குவித்தது. அப்பா உள்ளங்கை சிவக்கத் தட்டினார். நானும் தட்டினேன். மறுநாள் சார் அதையே கொட்டகையில் போர்டில் எழுதி, அடியில் 'பிரியாது' என்று பெரிதாக எழுதிக் கோடு போட்டார். நாமும் நோட்டில் கோடு போட்டோம்.

பின்னால் எல்லை போட்டார்கள். நாலு தாலுக்காக்கள் அந்தப் பக்கம் போயின, நாம் இந்தப் பக்கமே நின்றோம். அதற்குப் பிறகும் அப்பாவின் கூட்டாளி ஒருவர் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால், "நீயில்லா முதல்ல பிரிச்சது" என்பார். விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

நான் பிரித்தது உண்மை. எப்படிப் பிரித்தேன் என்று சொல்ல அம்மாவின் அடுக்களைக்குப் போக வேண்டும்.

நம் சபைப் பெண்கள் உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து, சபைக்கு என்று தனியாக ஒரு மண்கலத்தில் போடுவார்கள். ஞாயிறு அன்று அது ஆராதனைக்குப் போகும். பிடியரிசிக் கலத்தில் வேறு எதற்கும் கை வைக்கக் கூடாது. ஒரு ஹர்த்தால் வாரம் கடை ஒன்றும் திறக்கவில்லை, எங்கள் வீட்டு அரிசி அடியில் கிடந்தது. அப்போது பார்த்து அப்பா கமிட்டி ஆட்கள் இரண்டு பேரை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா கலத்திலிருந்து நாலு பிடி அள்ளி உலையில் போட்டாள். சனிக்கிழமை அமரவிளைக் கடை திறந்ததும் வாங்கிய அரிசியில் முதல் நாலு பிடியைக் கலத்தில் திருப்பிப் போட்டாள். அப்பா பார்த்துவிட்டார்.

"கர்த்தருக்க கலத்துல கை வைக்கியா நீ?"

"நாலு பிடி எடுத்தேன், நாலு பிடி இட்டேன். கலத்துல என்ன குறைஞ்சு போச்சு? உங்க ஆளுக வயிறு நெறஞ்சதில்லா?"

நான் அடுப்புக்குப் பின்சுவரில் கரித்துண்டால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடமும் நோட்டுக் கடையும் மூடிக் கிடந்ததில் கையில் நோட்டு தீர்ந்திருந்தது. சாரின் அந்தக் கோவைதான் சுவரில் இருந்தது. அதை எதற்கு எடுத்தேன் என்று கேட்காதீர்கள், முடியாது என்று கோடு போட்டு எழுதினால் எனக்குக் கை அரிக்கும். x⁴ என்பது x²இன் வர்க்கம். 4 என்பது 2இன் வர்க்கம். இரண்டுக்கும் நடுவில் 4x² இருந்தால் முழு வர்க்கம் ஆகிவிடும். ஆனால் இல்லை. இரண்டு நாளாக அந்த இல்லாத 4x²தான் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

அம்மா சொன்னதும் கரித்துண்டை எடுத்தேன். நாலு எக்ஸ் வர்க்கத்தை எடுத்து இடு. பிறகு அதையே திருப்பிக் கொடு. கோவையில் ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் கூடவில்லை. ஆனால் முதல் மூன்று உறுப்பும் (x² + 2)இன் வர்க்கமாகிவிட்டன. திருப்பிக் கொடுத்த 4x²உம் 2xஇன் வர்க்கம். ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கம் கழிகிறது. அதைப் பிரிக்க மூன்றாம் ஃபாரத்துப் பிள்ளை போதும்.

(x² + 2x + 2)(x² − 2x + 2).

பெருக்கிப் பார்த்தேன். ஒன்பது உறுப்பு வந்தது. ஏழு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயின. x⁴உம் 4உம் மட்டும் சுவரில் நின்றன. நான் போட்ட கூச்சலில் அம்மா அகப்பையைக் கீழே போட்டாள்.

சாருக்குத் தெரிந்தால் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மண்டு நான்!

பள்ளிக்கூடம் திறந்ததும் செலக்‌ஷன் பரீட்சை. அதில் தேறியவர்கள் பெயர்தான் பள்ளியிறுதித் தேர்வுக்குப் போகும், தேறாதவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். ஆண்பிள்ளைகளாவது அடுத்த வருஷம் எழுதுவார்கள். பெண் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தால் அடுத்த வருஷம் வேறொருவர் வீட்டு அடுக்களையில் இருப்பாள். என் பெரியம்மா ஏற்கெனவே பாலராமபுரத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தாள். ஆக எனக்கு அந்தப் பட்டியலில் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குத் தாளில் கடைசிக் கேள்வி: x⁴ + 4ஐக் காரணிப்படுத்த முடியுமா? முடியாதெனில் காரணம் எழுதுக. நீங்கள் எல்லோரும் 'முடியாது' என்று எழுதினீர்கள். சிலர் அடியில் 'வெல்க தமிழ்' என்றும் எழுதியது எனக்குத் தெரியும். நான் பிரித்து எழுதினேன்.

தாள் திருப்பித் தரும் நாளில் எனக்கு மட்டும் தாள் வரவில்லை. சார் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என்னை எழுப்பினார்.

"இந்த நாலு எக்ஸ் வர்க்கம் எங்க இருந்து வந்தது?"

"கடம் வாங்கினது சாரே."

கொட்டகை சிரித்தது.

"பின்ன?"

"திருப்பிக் குடுத்தாச்சு."

கூரை பறக்கிற மாதிரி சிரித்தீர்கள். சார் சிரிக்கவில்லை. "ஆரு சொல்லித் தந்தது? மலையாளம் டிவிஷன்ல ஒனக்கு ஆராவது உண்டா?"

"ஆரும் சொல்லித் தரல்ல சாரே. நானே போட்டது."

"பூஜ்யம் வராத்தது பிரியாது. ஊருக்கே தெரியும், ஒனக்குத் தெரியாதா? எவனோ நம்மளைக் கேலி செய்யதுக்கு எழுதித் தந்தான், நீ பாத்து எழுதின. கள்ளி!"

"பெருக்கிப் பாருங்க சாரே. பெருக்கினா தெரியும்."

"என்னைப் பெருக்கச் சொல்ல நீ ஆரு?"

தாளில் மார்க்கு போடவில்லை. பார்த்து எழுதினேன் என்று மன்னிப்புக் கடிதம் தந்தால் அந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டு மற்றதற்கு மார்க்கு போடுவதாகவும், இல்லையென்றால் தாளை அப்படியே நிறுத்திவைப்பதாகவும் சொன்னார். நம் டிவிஷன் பட்டியலை எழுதுவதும் அவர்தான்; அது வெள்ளிக்கிழமை சாயங்காலம் போகும். அன்று திங்கள்.

சார் எங்கே தவறினார் என்பது இன்றைக்கு எந்தக் கணக்கு டீச்சருக்கும் தெரியும். பூஜ்யம் வராவிட்டால் x − 1, x − 2 என்று முதல் படிக் காரணி கிடையாது, அவ்வளவுதான். இரண்டாம் படிக் காரணிகள் இருக்கலாம். வாசல் வழியாக ஆள் வரவில்லை என்றதும் வீட்டில் ஆளே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார். வகுப்பறைக்குள் செய்த தவறு என்றால் சிரித்துக்கொண்டே திருத்தியிருப்பார். மேடையில் செய்து கைதட்டும் வாங்கிவிட்டாரே!

சாயங்காலம் அப்பாவுக்கு விஷயம் போய்விட்டது. ஆஸ்பத்திரியின் டிங்சர் வாசனையோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நான் சொல்லுதேன், கேளு மக்கா. கணக்கு செரியாவே இருக்கட்டு. இப்பம் சமயம் செரியில்ல. நம்ம சாருக்குக் கணக்கு தெற்றிப்போச்சுண்ணு ஹெட்மாஸ்டர் அறிஞ்சா, தமிழ் டிவிஷனுக்கு லாயக்கான வாத்தியார் இல்ல, மூடிரலாம்ணு மேல எழுதிப்போடுவாரு. நாப்பது பிள்ளையளுக்க காரியமாக்கும். ஒரு கடுதாசி எழுதிக் குடு."

"என்னண்ணு எழுத?"

"பாத்து எழுதினேன், மாப்பு தரணும்ணு."

"நான் பாத்து எழுதல்லப்பா."

"அது எனக்கும் அறியாம்."

சார் கள்ளி என்றபோது வராத அழுகை அப்போது வந்தது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் எழுதச் சொன்னார். அம்மா அடுக்களையிலிருந்து தலையை நீட்டி, "அவ எழுத மாட்டா. நீங்க போயி குளியுங்க" என்றாள்.

மறுநாள் நான் யாரிடமும் சொல்லாமல் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். ஜாதாக்களில் நாம் எந்த ஆளைத் திட்டிக் கோஷம் போட்டோமோ அதே ஆள். மலையாளத்தில்தான் பேசுவார், நமக்கு அதில் என்ன கஷ்டம். நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் மை ஒற்றும் தாளை இழுத்து, அதன் ஓரத்திலேயே பெருக்கினார். அரை நிமிஷம் ஆகியிருக்காது.

"செரியாணல்லோ குட்டீ!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "ஒரு பராதி எழுதித் தரூ. பாக்கி ஞான் நோக்காம்."

புகார் எழுதிக் கொடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்; அந்த 'பாக்கி' என்னவென்று எனக்குப் புரிந்தது. தமிழ் டிவிஷன் வாத்தியாருக்குக் கணக்கு தெரியாது என்று தமிழ்ப் பிள்ளையே எழுதித் தந்த காகிதம் ஃபைலில் ஏறும், ஃபைல் மேலே போகும். அப்பா பயந்ததில் தப்பில்லை. அந்த மனிதர் கெட்டவர் என்றும் நான் சொல்லமாட்டேன். என் கணக்கைப் பெருக்கிப் பார்த்த முதல் ஆள் அவர்தான். ஆனால் அங்கே ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள், இங்கே ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். கணக்கு போட்டவளுக்கு மார்க்கு மட்டும் ஒருவரும் தரக் காணோம்.

"பராதி இல்ல சார். கணக்கு செரிண்ணு நீங்க சொன்னதே போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தாள் வெள்ளையாகவே மேஜையில் கிடந்தது.

கிணற்றடியில் நின்று முகம் கழுவும்போதுதான் வழி தோன்றியது. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கச்சேரி முன்னால் மறியலுக்குப் போன கதையைச் சார் நமக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில் நின்றாராம். உட்காரு என்று போலீஸ் கெஞ்சியும் உட்காரவில்லையாம். நியாயம் இருக்கிறவன் நின்றால் போதும், கத்த வேண்டாம் என்பார்.

புதன்கிழமை முதல் பீரியடு கணக்கு. எல்லோரும் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தோம். நான் உட்காரவில்லை.

"என்னத்துக்கு நிக்கிய?"

"நீங்க பெருக்குங்க சாரே. பின்ன நான் இரிக்கேன்."

"இரிட்டீ."

நான் நின்றேன். அவர் திரும்பிக்கொண்டு பாடம் நடத்தினார். மணி அடிக்கும் வரை நின்றேன். வியாழக்கிழமையும் அப்படியே. பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "ஏட்டி, இரி, போர்டு மறைக்குது" என்று கத்தினான். சுவரோரம் நின்றவள் எந்தப் போர்டை மறைத்தேனோ. அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். இந்த மலருக்கு நீதானே ஆசிரியர்? இதையும் அச்சில் போடு. உங்களில் பாதிப் பேர் நோட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டீர்கள். ஒரு பேனாவும் காகிதமும் எடுத்துப் பெருக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையா என்று அறுபத்தெத்தனையோ வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது. வெள்ளிக்கிழமை வணக்கம் சொல்லிவிட்டு எல்லோரும் உட்கார்ந்தபோது, என் பக்கத்தில் பொழியூர்க்காரியும் உட்காரவில்லை. அவள் கையில் நோட்டு திறந்திருந்தது. ஒன்பது உறுப்பும் எழுதி, ஏழு உறுப்பை அடித்திருந்தாள். கணக்கில் எப்போதும் முப்பதைத் தாண்டாதவள்.

"ஒனக்கென்ன?" என்றார் சார்.

"நானும் பெருக்கினேன் சாரே" என்றாள். நோட்டைச் சார் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

சார் எங்கள் இருவரையும் பார்த்தார். அன்று அந்த முகத்தில் கோபம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது என் மகனைவிடச் சின்ன வயசுக்காரராக அவரை நினைத்துப் பார்க்கும்போது பயமும் தெரிகிறது. டிவிஷன் போனால் வேலை போகும், மேடையில் பேசியது சந்தையில் சிரிப்பாகும். புரிகிறது. புரிந்துவிட்டதால் நான் செய்தது தப்பாகிவிடாது. இன்னொரு தடவை என்றாலும் நிற்பேன்.

அவர் சாக்பீஸ் துண்டை எடுத்தார். போர்டில் என் இரண்டு காரணிகளையும் எழுதினார். ஒவ்வொரு உறுப்பாகப் பெருக்கினார். x⁴. கழித்தல் 2x³. கூட்டல் 2x². சாக்பீஸ் கிறீச்சிட்டது. ஒன்பது உறுப்பும் எழுதிவிட்டு அடிக்க ஆரம்பித்தார். மூன்றாம் படி இரண்டும் போயின. இரண்டாம் படி மூன்றும் போயின. எக்ஸ் இரண்டும் போயின. நின்றதை அடியில் எழுதினார்: x⁴ + 4.

சாக்பீஸைப் போர்டின் விளிம்பில் வைத்தார். ஜிப்பா முதுகோடு ஒட்டியிருந்தது. திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பிரியும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, அந்த வாரத்தில் முதல் முறையாகத் தாழ்ந்த குரலில், "இனி இரி மக்கா" என்றார்.

பொழியூர்க்காரி உட்காரப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மார்க்கு போட்டுட்டுச் சொல்லுங்க சாரே."

அவர் மேஜை டிராயரைத் திறந்து என் தாளை எடுத்தார். சிவப்புப் பேனாவால் மற்றக் கேள்விகளுக்கு மார்க்கு போட்டு, கடைசிக் கேள்விக்கும் முழுதாக ஐந்து போட்டார். மேல்பக்கத்தில் மொத்தத்தைக் கூட்டி எழுதினார். பட்டியலை இழுத்து அதன் அடியில் என் பெயரை எழுதி, மை காயும்வரை ஊதி, நான் பார்க்கும்படி திருப்பி வைத்தார். நான் எழுத்துக்கூட்டி ஒரு முறை வாசித்தேன். பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.